நீ கேட்ட முடிவும் இந்தியில் வந்த முடிவும்

காலையில் உன் பழைய போனுக்குச் சார்ஜ் போடலாம் என்று உறையைக் கழற்றினேன். ஆஸ்பத்திரி டெட்டால் வாடை எட்டு மாதமாகியும் அதை விட்டுப் போகவில்லை. அப்போதே கோபம் வந்துவிட்டது. வாடை இருக்கிறது, நீ இல்லை.

மகள் புனேயிலிருந்து வந்திருக்கிறாள். "நீங்களும் அம்மாவும் பாத்த கொரியாப் படம் இப்ப டிவியிலயே இருக்குப்பா. ஆனா இந்தி டப்பிங்தான்" என்றாள். ஆற்றிலிருந்து எழுந்து வந்து படகுக்காரனைக் காதலிக்கும் தேவதையின் படம். கொரியாக்காரிக்கு இந்தி பேச ஆள் கிடைக்கிறது, தமிழ் பேச ஒருத்தி கிடைக்கவில்லையாம். ஒரத்தநாடு பஸ் ஸ்டாண்டில் நின்றால் வாய் ஓயாத நூறு பேர் கிடைப்பார்களே என்று டிவியைப் பார்த்துக் கத்தினேன்.

வாரம் மூன்று நாள் உனக்குத் தஞ்சாவூரில் டயாலிசிஸ், ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம். பொழுது போகட்டும் என்று மகள்தான் போனில் அந்தப் படத்தை ஏற்றிக் கொடுத்தாள். பேச்சு கொரிய மொழி, அடியில் இங்கிலீஷ் எழுத்து. பத்தாவதை இரண்டாம் தடவையில் தாண்டிய நான்தான் உனக்குப் படித்துச் சொல்லும் வாத்தியார். ஒரு வரியை எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள் அடுத்த இரண்டு வரி ஓடிவிடும். தெரியவில்லை என்று சொல்ல மானம் விடுமா? நானாகவே கதை கட்டிவிட்டேன்.

"என்னங்க சொல்றா?"

"ஏன் லேட்டுன்னு கேக்குறான். மேல மதகையே இன்னும் திறக்கல, நான் எப்படி வரதுங்கிறா."

"கொரியாவுலயும் முறைத்தண்ணிதானா?"

"பின்ன? கடைமடைக்காரிடி அவ."

ஊசி குத்திய கையை அசைக்காமல் நீ குலுங்கிச் சிரித்தாய். நர்ஸம்மா என்னைத்தான் திட்டினார்.

கடைசியில் அவள் ஆற்றுக்குள் இறங்குவாள். அவன் கரையில் நின்று அழுவான். அவள் ஏதோ நீளமாகச் சொல்வாள். அதில் எனக்குப் புரிந்தது 'ரிவர்' மட்டும்தான். "ஆடிக்குத் தண்ணி வரும்போது நானும் வந்துடுறேன்கிறா" என்றேன். அந்த இடத்தை மட்டும் நீ திரும்பத் திரும்பப் போடச் சொன்னாய். போவதற்கு முந்தின நாள்கூட. நானும் ஒவ்வொரு தடவையும் அவளை வரவைத்தேன்.

இன்று மத்தியானம் அதே இடம் இந்தியில் வந்தது. "என்னம்மா சொல்றா?" என்று மகளைக் கேட்டேன்.

"இனிமே வரமாட்டேன், என்னை மறந்துடுங்கிறாப்பா."

"ஐயையோ, உங்கம்மாகிட்ட வருவான்னுல்ல சொல்லிவச்சேன்!"

"அம்மாவுக்குத் தெரியும்ப்பா. முதல் வாரமே போன்ல என்கிட்ட முடிவைக் கேட்டாங்க, நானும் சொல்லிட்டேன். 'அப்பாகிட்ட சொல்லாத. நல்லாத்தான் கதை கட்டுறாரு, கட்டட்டும்'னாங்க."

ஏன்டி இப்படிச் செய்தாய்? கல்யாணமான நாளிலிருந்து உன்னை நான் ஏமாற்றிய ஒரே விஷயம் இது என்று கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தேன். அதிலும் என்னை முட்டாளாக்கிவிட்டாய். அதுகூடப் போகட்டும். போகப்போகிறோம் என்று உனக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டே, 'வந்துடுவா, வந்துடுவா' என்று என் வாயால் சொல்லவைத்துக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தாய். நீயும் ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளவில்லை, என்னையும் அழவிடவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து மதகு, வாய்க்கால் என்று நான் உளறிக்கொண்டிருந்தபோது, ஒரே ஒரு நாள், 'போதும் நிறுத்துங்க, பேசணும்' என்று சொல்லியிருக்கக் கூடாதா? நானாவது போனைக் கீழே வைத்துவிட்டு உன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். அந்தக் கோபம் என்மேல். ஆனாலும் பாதிக்கு மேல் உன்மேல்தான்.

டிவி சத்தத்தை நிறுத்தினேன். மகள் என்ன நினைத்தாளோ, கடைசிக் காட்சியைத் திரும்பப் போட்டாள். தேவதை தண்ணீரில் இறங்கினாள். வாய் அசைந்தது.

"என்னப்பா சொல்றா?" என்றாள், உன்னை மாதிரியே தலையைச் சாய்த்து.

ஆடி பிறந்துவிட்டது. நம் வாய்க்காலில் தண்ணீர் வந்து ஐந்து நாளாகிறது. யாரும் வரவில்லை.

பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன்: "அடுத்த ஆடிக்கு வந்துடுறேன்கிறா."