காத்தாடியை நிறுத்திய வெள்ளிக்கிழமை

காற்றில்லாமல் ஒரு நிமிஷம்கூட நிற்க மாட்டாத என் அன்பு மச்சானுக்கு,

அங்கே வெயில் எப்படி? இங்கே ஈப்போ பக்கம் லகாட்டில், நம் மாட்டுக் கொட்டாயின் தகரக் கூரைக்கு அடியில் மத்தியானம் நின்றால் மண்டை வெந்துவிடுகிறது. நீங்கள் கம்பத்தில் கட்டிவைத்த பெரிய கரண்டுக் காத்தாடி இன்னும் சுற்றுகிறது. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். சிரிப்பதாக இருந்தால் கடைசியில் சிரியுங்கள்.

நீங்கள் போனபிறகு உங்கள் வெல்டிங் வேலை என் தலையில் விழுந்தது. மூன்றாம் படிவத்தோடு பள்ளியை விட்டவன் நான், அந்தப் படிவத்திலும் பட்டறை வகுப்பில் தூங்கியவன். உங்கள் பழைய ஆர்க் மெஷினில் குச்சியை வைத்தால் அது இரும்போடு ஒட்டிக்கொள்ளும். நான் அதைப் பிடுங்க ஆடுகிற ஆட்டத்தை மாடுகள் அசைபோடுவதை நிறுத்திவிட்டுப் பார்க்கும்.

அந்த நேரம் பார்த்து, புல் ஏற்றும் ட்ரெய்லரை டிராக்டரோடு மாட்டுகிற இரும்புச் சட்டம் விரிசல் விட்டது. ரப்பர் மரம் வெட்டிய பழைய கித்தா தோட்டத்து நிலத்தில் புல் ஆள் உயரம் நிற்கிறது, கொண்டுவரத்தான் வழியில்லை. அக்கா சத்தம் போடவில்லை. உங்கள் செல்ல வெள்ளைப் பசுவின் கழுத்தைச் சொறிந்துகொண்டே சொன்னார்.

"புல்லு இல்லாம மாட்ட வெச்சிக்கிட்டு என்னா செய்யிறது தம்பி? சனிக்கிழம தாப்பாவுலேருந்து யாவாரி வாராரு. அதுக்குள்ள வண்டி ஓடலன்னா, எல்லாத்தையும் ஓட்டிக்கிட்டுப் போவட்டும்."

நீங்கள் போய் வருஷம் திரும்பவில்லை. மாடுகளும் போய்விட்டால் காலையில் எழுந்து அக்கா எங்கே போவார்?

குச்சி எனக்குச் சரிப்படாது, கம்பி தானாக ஓடிவருகிற மிக் மெஷின் வாங்குவோம் என்று ஈப்போவுக்குப் போனேன். கடையில் இருந்ததிலேயே பெரிய மெஷின் பக்கத்தில் முதலாளி மாதிரி நின்றேன். கடைக்காரத் தவுக்கே என் கொட்டாயில் என்ன கரண்ட் என்று கேட்டார். வீட்டு லைன்தான் என்றேன். அப்படியென்றால் இது அங்கே வெறும் அலமாரி, மூன்று ஃபேஸ் கரண்ட் இல்லாமல் கண் திறக்காது என்றார்.

தஞ்சோங் மாலிம் பக்கம் கார் தொழிற்சாலையில் வெல்டிங் பிரிவில் இருக்கும் என் மகள் கவிதாவுக்குப் போன் போட்டேன். ஒட்டப்போகிற இரும்பு எவ்வளவு தடிப்பு என்று கேட்டாள். பிறகு, "வேல செய்யிற எடத்துல காத்து வருமாப்பா?" என்றாள். பிள்ளைக்கு என்மேல் எவ்வளவு அக்கறை பாருங்கள் என்று நெஞ்சு குளிர்ந்துபோனேன். உன் மாமா வைத்த காத்தாடி முதுகுக்கு நேரே அடிக்கும், அப்பாவைப் பற்றிக் கவலைப்படாதே என்றேன். அவள் ஏதோ சொல்ல ஆரம்பித்தாள். ஷிஃப்ட் மணி அடித்தது, லைன் போய்விட்டது.

வீட்டுக் கரண்டில் ஓடுகிற, கையில் தூக்கக்கூடிய மெஷின் ஒன்றை எடுத்தேன். அதில் கேஸ் சிலிண்டர் மாட்டியும் ஒட்டலாம், கேஸ் இல்லாமல் உள்ளேயே மருந்து வைத்த கம்பியைப் போட்டும் ஒட்டலாம். தவுக்கே கேஸில் ஒட்டிக் காட்டினார். சில்லறைக் காசைச் சரித்து அடுக்கினமாதிரி அவ்வளவு அழகு. கேஸ்தான் என்று முடிவு செய்தேன். வெட்டவெளி வேலைக்கு ஆகும் என்று மருந்துக் கம்பிச் சுருள் ஒன்றையும் பையில் போட்டார். அதைத் தீவன மூட்டைமேல் வைத்துவிட்டு மறந்தேன்.

நான் ஒட்டியது அக்கா சுடுகிற ஆப்பம் மாதிரி வந்தது. பொத்தல் பொத்தலாக. அரைத்து எடுத்து மறுபடி ஒட்டினாலும் ஆப்பம்தான். கேஸைத் திட்டினேன், இரும்பைத் திட்டினேன், ஜாதகத்தைக்கூடத் திட்டினேன். வேர்க்க வேர்க்க, காத்தாடியை இன்னும் நேராக என் பக்கம் திருப்பி வைத்தேன். காத்தாடி இல்லாமல் வேலை செய்யக்கூடாது என்பது நீங்கள் போட்ட சட்டம் அல்லவா?

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அக்கா விளக்கோடு வந்தார். காத்தாடிக்கு எதிர்க் கம்பத்தில் உங்கள் படம் இருக்கிறது, வெள்ளிதோறும் விளக்கேற்றுவார். திரி அணைந்துவிடும் என்று காத்தாடியை நிறுத்தினார். நான் முகமூடிக்குள் இருந்ததால் கவனிக்கவில்லை. ஒட்டி முடித்து முகமூடியைத் தூக்கினால், மச்சான், சில்லறைக் காசு. வரிசையாக.

அக்கா உங்கள் படத்தையும் இரும்பையும் மாறி மாறிப் பார்த்தார். நீங்கள்தான் வந்து ஒட்டினீர்கள் என்று நினைத்திருப்பார். எனக்கும் ஒரு கணம் அப்படித்தான் இருந்தது. பிறகுதான் விளக்கின் சுடர் ஆடாமல் நிற்பது கண்ணில் பட்டது.

கவிதாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். காற்று அடித்தால் ஒட்டுகிற இடத்தைக் காக்கிற கேஸ் கலைந்துவிடுமாம். உங்கள் ஆர்க் குச்சிக்கு மேலேயே மருந்து பூசியிருப்பதால் காத்தாடி அதை ஒன்றும் செய்யவில்லை.

"அதுக்குத்தானப்பா காத்து வருமான்னு கேட்டேன் லா. ஒங்களுக்கு வேர்க்குதான்னா கேட்டேன்?"

அக்கா ரொம்ப நாளைக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தார். அதை உங்களுக்குச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன்.

பழைய ஒட்டுகளையெல்லாம் அரைத்து எடுத்து, தடித்த இரும்பென்பதால் ஓரத்தைச் சீவி, ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டினேன். காற்று வரும் பக்கம் அக்கா தகரம் ஒன்றைப் பிடித்து நின்றார். சனிக்கிழமை காலை புல்லை ஏற்றி, தோட்டத்துக் கால்வாயைத் தாண்டி இழுத்தேன். ஒட்டிய சட்டம் அசையவில்லை. தாப்பா வியாபாரி வந்து நின்று பார்த்தார். அக்கா அவருக்குத் தேத்தண்ணி கலக்கிக் கொடுத்தார்.

"குடிச்சிட்டுப் போங்கண்ணே. மாட்டுக்குப் புல்லு வந்துருச்சி."

இனி வேலிக்கும் கேட்டுக்கும் வெளியில் ஒட்டும்போது அந்த மருந்துக் கம்பியை மாட்டிக்கொள்வேன். கொட்டாயில் கேஸ் ஓடுகிற நேரம் காத்தாடி நிற்கும், மச்சான், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். காத்தாடியின் முகத்தை உங்கள் படத்துப் பக்கம் திருப்பி வைத்திருக்கிறேன். வேலை முடிந்து சுவிட்சைத் தட்டினால் முதல் காற்று உங்களுக்குத்தான். இது என் வாக்கு.

அக்கறைக்கார மகள் கவிதாவின் அப்பனும்,
உங்கள் மனைவியின் தம்பியுமாகிய
செல்வம்