மட்டையில் நான் எழுதிய பெயர்

நேற்று முழங்கால் சோதனைக்காக ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுக்கச் சொன்னார்கள். படுத்த உடனேயே மூக்கில் ஏறியது அந்த வாசம். சலவைத்தூளின் காரமும், சூட்டு உருளைக்குள் போய் வந்த துணியின் இலேசான கருகல் நெடியும். விரிப்பின் ஓரத்தில் ஒற்றை நீலக் கோடு. நாங்கள் வேலை செய்த சலவைக்கூடத்திலிருந்து வந்ததாகத்தான் இருக்கும். நான் அழுவதைக் கண்டு தாதிப் பெண் பதறிப்போய் எங்கே நோகிறது என்று கேட்டாள். முழங்கால் என்று சொல்லிச் சமாளித்தேன். பாவம் முழங்கால், இப்போதெல்லாம் நான் அழுகிற எல்லாவற்றுக்கும் அதுதான் பழி சுமக்கிறது.

நீ போய் இரண்டு பனிக்காலம் ஆகிவிட்டது. உனக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. உயிரோடு இருந்திருந்தாலும் இதை நான்தான் உனக்கு வாசித்துக் காட்டியிருக்க வேண்டும், அதிலும் பாதி உனக்கு விளங்கியிராது. ஆனாலும் மனம் திறந்து எழுத எனக்கு வேறு பாஷை இல்லை. உன் பெயரை எழுத மாட்டேன். உன் நாட்டின் பெயரையும் எழுத மாட்டேன். ஆப்பிரிக்காவில் மலைமேல் ஒரு நகரம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். ஏன் என்று உனக்குத் தெரியும்.

கனடாவில், ரெக்ஸ்டேலில் இருந்த அந்தச் சலவைக்கூடத்தில் பெரிய விரிப்புகளை மடிக்க இரண்டு பேர் வேண்டும். பத்துத் தமிழ்ப் பெண்களுக்கு நடுவே நீ ஒருத்தி. மேற்பார்வை பார்த்த அண்ணை உன்னை என்னோடு சோடி சேர்த்தார். "நீங்கள் வாய் ஓயாமல் கதைக்கிற ஆள். உந்தப் பிள்ளை வாயே திறக்காது. சரியாய் வரும்" என்றார். ஆளுக்கொரு பக்கம் பிடித்து, உதறி, எதிரெதிரே நடந்து வந்து நுனிகளைச் சேர்த்து, திரும்பவும் விலகிப் போவோம். நாள் முழுவதும் அதுதான் வேலை. உன் முகத்தை அவ்வளவு கிட்டத்தில், அவ்வளவு தடவை பார்த்தவர்கள் இந்த நகரத்தில் வேறு எவரும் இருந்திருக்க மாட்டார்கள்.

எங்கள் சனம் ஒரு ஆளைக் கண்டால் முதலில் கேட்பது எந்த ஊர், அடுத்தது ஆருடைய பிள்ளை, மூன்றாவது மனுசன் என்ன செய்கிறார். அதில் நான் பட்டம் வாங்கினவள். உன்னையும் விட்டு வைக்கவில்லை. நீ சிரித்துக்கொண்டே விரிப்பின் நுனியை என் கையில் தந்துவிட்டுப் பின்னால் போய்விடுவாய். தலைக்கனம் பிடித்தவள் என்று நினைத்தேன். மற்றப் பெண்களிடமும் அப்படியே சொல்லி வைத்தேன். இதை நீ இருக்கும்போது நான் உனக்குச் சொன்னதில்லை.

ஆனால் நீ எங்களைக் கேட்டுக் கேட்டே தமிழ் பிடித்துக்கொண்டாய். முதலில் தலையாட்டிக்கொண்டு 'ஓம்'. பிறகு அவசரப்படுத்தி 'கெதியா'. பிறகு 'ஐயோ கடவுளே', அதுவும் என்னைப் போலவே இழுத்து. ஒரு வருடத்தில் அரைகுறை இங்கிலீஷும் அதைவிட அரைகுறையான தமிழும் சேர்த்து நாங்கள் எதையும் கதைக்கக்கூடியதாக இருந்தது. நீ சொன்னவற்றை இங்கே என் தமிழில்தான் எழுதுகிறேன்.

ஒரு நாள் சாப்பாட்டு அறையில், நான் எதுவும் கேட்காமலே, நீயாகச் சொன்னாய். உங்கள் நாட்டிலும் நீண்ட போர். அதில் நீங்கள் வென்றீர்கள். வெற்றிச் செய்தி வந்த அன்று வீதியில் முன்பின் தெரியாதவர்களைக் கட்டிப்பிடித்து ஆடினாயாம். உன் கணவர் அந்தப் போரில் நின்றவர், பிறகு பள்ளிக்கூட வாத்தியார். வாக்குக் கொடுத்த தேர்தல் எங்கே என்று கேட்டு நாலைந்து பேர் எழுதிய கடிதத்தில் அவரும் கையெழுத்து வைத்தார். அவரைக் கூட்டிப் போக வந்த இரண்டு பேரில் ஒருவன் போரில் அவரோடு ஒரே தட்டில் சாப்பிட்டவன். வழக்கு இல்லை, நீதிமன்றம் இல்லை, ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. போய்க் கேட்டால் அப்படி ஒருவர் எங்களிடம் இல்லை என்றார்கள். மூன்றாம் தரம் கேட்டபோது உன்னையே பிடித்துப் பூட்டி வைத்தார்கள். வெளியே விட்டதும் எல்லை கடந்து நடந்தாய்.

"கூட்டிக்கொண்டு போனவன் இப்ப பெரிய அதிகாரி, அக்கா. ரீவிச் செய்தியில வாறவன்" என்றாய். அதைச் சொல்லும்போது நீ அழவில்லை. நான்தான் அழுதேன். அன்றைக்கு வீட்டுக்குப் போய், உன்னைத் தலைக்கனம் பிடித்தவள் என்று சொன்ன வாயில் அடித்துக்கொண்டேன்.

பிறகு எங்கள் போர் முடிந்தது. உங்களுடையதைப் போல அல்ல, தோற்று முடிந்தது. அந்த மே மாதம் என் தம்பி சனத்தோடு சனமாக வெளியே வந்து, இராணுவத்திடம் பெயர் பதிந்து, அவர்களுடைய பேருந்தில் ஏறினான். ஏறியதை அவனுடைய மனைவி கண்ணால் கண்டாள். அதற்குப் பிறகு அவனைக் கண்டவர்கள் இல்லை. அப்படி ஒருவர் எங்களிடம் இல்லை என்று எங்களுக்கும் சொன்னார்கள். சொல்லுகிற வசனம்கூட ஒன்றுதான் என்று நீ தலையை ஆட்டினாய்.

நான் அவனுடைய படத்தைப் பெரிதாக்கி, மட்டையில் ஒட்டி, நகரத்தின் நடுவீதியில் மற்றச் சனத்தோடு நின்றேன். வேலை முடிந்து நீயும் வருவாய். ஒரு கோஷமும் உனக்கு விளங்காது. என் கையைக் கோர்த்துக்கொண்டு பேசாமல் நிற்பாய். சிலவேளை என் தண்ணீர்ப் போத்தலை வாங்கி வைத்துக்கொள்வாய். அந்த நாட்களில் என் சொந்தத் தங்கச்சிகூட பக்கத்து நகரமான மார்க்கத்திலிருந்து ஒருநாள்தான் வந்தாள்.

அடுத்த வருடக் கோடையில் பல நாட்டுக்காரர் சேர்ந்து, காணாமல் போனவர்களுக்காக ஒரு கூட்டம் வைத்தார்கள். நான்தான் உன்னைப் பிடித்தேன்.

"உன்ர மனுசன்ர படத்தைக் கொண்டு வா. நானும் தம்பியின்ர படத்தோட பக்கத்தில நிப்பன்."

"எங்கட ஆக்கள் பேர் சொல்லமாட்டினம், அக்கா. பேர் சொன்னா அங்க இருக்கிற ஆக்களுக்கு ஆபத்து."

"அழுத பிள்ளைதான் பால் குடிக்கும். நீ வாயை மூடிக்கொண்டிருந்தால் ஆருக்குத் தெரியப்போகுது? இது கனடா. இஞ்ச வந்து ஆர் உன்னை என்ன செய்யேலும்?"

ஒரு கிழமை முழுக்க, திங்கள் தொடங்கி வெள்ளிவரை, விரிப்பின் இரண்டு நுனியும் சேர்கிற ஒவ்வொரு தடவையும் இதையே சொன்னேன். நீ பயந்தாங்கொள்ளி என்று கேலியும் செய்தேன். கடைசியில் உன் பணப்பைக்குள்ளிருந்து ஒரு சின்னப் படத்தை எடுத்துத் தந்தாய். அதைப் பெரிதாக்கியது நான். மட்டையில் ஒட்டியது நான். ஊரில் அரசாங்கக் கச்சேரி அலுவலகத்தில் கிளார்க்காக இருந்தவள் அல்லவா, எழுத்து அழகாக இருக்கும் என்று எனக்கு ஒரு பெருமை. அவருடைய முழுப்பெயரையும் கறுப்பு மார்க்கரால் கொட்டை எழுத்தில் இங்கிலீஷில் எழுதினேன். எழுதி முடித்ததும் நீ அதை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாய். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு அந்தப் பெயரை எழுத்தில் பார்ப்பதாகச் சொன்னாய். ஒரு நல்ல காரியம் செய்துவிட்டேன் என்று எனக்குப் புளகாங்கிதம்.

நீ அதை ஒரு மணித்தியாலம் பிடித்திருப்பாய். எதிர்ப்பக்க நடைபாதையில் நின்று உங்கள் ஊர் ஆள் ஒருவர் ஃபோனில் படம் எடுத்தார். தேவாலயத்தில் உனக்கு வணக்கம் சொல்கிறவராம். நீ முகத்தைத் திருப்பினாய். நான், முட்டாள், "நல்லாப் பிடி, படம் எடுக்கினம்" என்றேன்.

மூன்றாவது கிழமை உன் மச்சாளை, கணவரின் தங்கையை, கொண்டு போய்விட்டார்கள். வந்தவர்கள் கையில் நீ மட்டையோடு நிற்கிற படம் இருந்ததாம். மாமியார் ஃபோனில் சொன்னது ஒரே ஒரு வசனம்: "நீ என்ன செய்தாய், மகளே?"

பிறகு நாங்கள் ஓடாத இடமில்லை. எம்.பி.யின் அலுவலகத்தில் இருந்த இளம்பெண் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டாள், அவளுக்கும் கண் கலங்கியது, வேறொரு நாட்டுக்குள் தாங்கள் என்ன செய்யலாம் என்றாள். பொலிஸ்காரர் இங்கே யாராவது உன்னை வெருட்டினார்களா என்று கேட்டார். ஒருவரும் வெருட்டவில்லை. ஒரு ஆள் படம் எடுத்தார். படம் எடுப்பது குற்றமில்லை.

கடைசியில் உங்கள் நாட்டுத் தூதரக அலுவலகத்துக்குப் போனோம். நீ என்னையும் வரச் சொன்னாய். கோட்டு அணிந்த ஒரு மனிதர் எங்களை இருக்கச் சொல்லி, தேநீரும் தந்தார். அவ்வளவு மரியாதையை நான் எந்தக் கந்தோரிலும் கண்டதில்லை. ஒரு படிவத்தை உன் முன்னால் வைத்தார். நாட்டை விட்டு ஓடியது குற்றம், அதற்கு வருந்துகிறேன், தரப்படும் தண்டனையை ஏற்கிறேன் என்று அதில் அச்சடித்திருந்தது. கணவரைப் பறிகொடுத்தவள் மன்னிப்புக் கேட்க வேண்டும். பறித்தவன் ரீவியில் வருவான். நீ மச்சாளைப் பற்றிக் கேட்டாய். முதலில் கையெழுத்து, பிறகு பொறுமை என்றார். மேசையிலிருந்த கடித உறைக்குள்ளிருந்து நீ மட்டையோடு நிற்கிற அந்தப் படத்தை எடுத்துப் பார்த்துவிட்டு, என்னைப் பார்த்து இங்கிலீஷில் கேட்டார், "அழகான கையெழுத்து. உங்களுடையதா?"

ஊரெல்லாம் வாயாடி என்று பெயர் எடுத்தவள் அந்தக் கதிரையில் ஊமையாக இருந்தேன். நீ படிவத்தை இழுத்துக் கையெழுத்து வைத்தாய். திரும்பி வரும்போது பேருந்தில் நீ என் தோளில் சாய்ந்து நித்திரையாகிவிட்டாய். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

மச்சாள் வெளியே வரவில்லை. அவளும் 'அப்படி ஒருவர் எங்களிடம் இல்லை' ஆகிவிட்டாள். மாமியாரின் ஃபோன் சில மாதங்களில் நின்று போனது.

நீ என்னைத் திட்டியிருக்கலாம். என்னோடு மடிக்க மாட்டேன் என்று அண்ணையிடம் சொல்லியிருக்கலாம். திங்கட்கிழமை வந்து வழக்கம்போல மற்ற நுனியைத் தூக்கினாய். அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது. ஒருநாள் கெஞ்சினேன், "என்னை ஏசி ரெண்டு வார்த்தை பேசு" என்று. உருளையின் இரைச்சலுக்குள் நீ சொன்னது இன்றைக்கும் அப்படியே கேட்கிறது: "நீ உன்ர தம்பியின்ர படத்தைப் பிடி, அக்கா. உனக்கு அங்க பிடிச்சுக்கொண்டு போக மிச்சம் ஒருத்தரும் இல்லை. நீ பிடிக்கலாம்." நீ அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. உண்மையைத்தான் சொன்னாய். தம்பியின் மனைவியும் அதற்குள் தமிழ்நாட்டுக்குப் போய்விட்டாள்.

நோய் வந்தபோது கெதியாகத்தான் முடிந்தது. உன்னோடு ஆஸ்பத்திரியில் இருந்தவள் நான்தான். எங்கள் சனத்தில் ஒருவர் இறந்தால் மரண அறிவித்தல் போடுவோம், உனக்குத் தெரியும். சாப்பாட்டு அறையில் நான் வாசிப்பதைக் கேட்டுச் சிரித்திருக்கிறாய். இன்னாரின் பாசமிகு மகளும், இன்னாரின் அன்பு மனைவியும், இன்னார் இன்னாரின் ஆருயிர்ச் சகோதரியும், மருமகளும், மைத்துனியும் என்று ஒரு ஊரே அதில் வரிசையாக நிற்கும். ஒரு பெயர் விட்டுப்போனால் இருபது வருடம் கதை பேச்சு இருக்காது. கடைசிக் கிழமை நீ என் கையைப் பிடித்துச் சொன்னாய், "எனக்கு உது போடாத. ஒரு பேரும் போடாத."

போடவில்லை. உன் அடக்கத்தன்று பாதிரியார் உனக்கு யார் இருக்கிறார்கள் என்று கேட்டார், வாசிப்பதற்காக. அவருக்குப் பின்னால் தேவாலய வாங்கில்களில் உங்கள் ஆட்கள் இருபது பேர் இருந்தார்கள். அதில் யார் எவர் என்று எனக்குத் தெரியாது. ஒருவரும் இல்லை என்றேன். கணவர் இல்லை, மாமி இல்லை, மச்சாள் இல்லை. என் தம்பியைப் பற்றி எங்களுக்குச் சொன்ன அதே வசனத்தை உன் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று என் வாயால் சொன்னேன்.

இப்போது விட்பியில் மகனோடு இருக்கிறேன். வேலையை விட்டாயிற்று. தம்பியின் படத்தை இன்னும் பிடிக்கிறேன், வருடத்துக்கு ஒருமுறை. கை உளைகிறது, காரியம் ஒன்றும் நடந்ததில்லை. ஆட்களைக் கொண்டு போனவர்களில் ஒருவரும் விசாரிக்கப்படவில்லை, எங்கள் பக்கத்திலும் இல்லை, உங்கள் பக்கத்திலும் இல்லை.

உன் கணவரின் பெயர் எனக்கு எழுத்துக்கு எழுத்துப் பாடம். அவர் உயிரோடு இருந்தால், ஏதோ ஒரு அறையில், நீ எங்கோ நலமாக இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டு இருப்பார். தன் மனைவி போய்விட்டாள் என்று அவருக்குச் சொல்ல வேண்டும். சொல்லத் தெரிந்தவள் உலகத்தில் நான் ஒருத்திதான் மிச்சம். யாரிடம் போய்ச் சொல்வது? அப்படி ஒருவர் எங்களிடம் இல்லை என்பார்கள்.