லக் இல்லாத பெல்

காளவாசல், மதுரை
21.10.1984

அன்பு மகள் ரெங்கம்மாளுக்கு அப்பா எழுதுவது. இங்கே என் முன்பல் ஒன்றைத் தவிர நானும் உன் அம்மாவும் சுகம். பெங்களூர்க் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் விறைத்துப்போகாமல் இருக்கத் திருப்பரங்குன்றத்து முருகன் துணை.

நீ பார்சலில் அனுப்பிய பேட்டரி பெல், வயர், வயர் முனையில் மாட்டி நசுக்கும் லக்குகள், நசுக்குகிற குறடு எல்லாம் வந்தன. முறுக்கிக் கட்டினால் விட்டுப்போகும், லக் போட்டு நசுக்கினால்தான் நிற்கும் என்று, பேக்டரியில் நீ தினமும் செய்கிற வேலையைப் படம் போட்டிருந்தாய். எட்டாங்கிளாஸ்காரனுக்குப் படம் போதாதா என்று உட்கார்ந்தவன், அத்தனை லக்கையும் அப்பளமாக்கிவிட்டேன். எலக்ட்ரிக் கடை விருமாண்டியிடம் லக் இருக்கா தம்பி என்றால், இருந்தா நான் ஏண்ணே இந்த வெயில்ல கடை போட்டு உக்காந்திருக்கேன் என்கிறான். நசுங்கினதைக் காட்டினதும் சிரித்துக்கொண்டே ஒரு கை அள்ளிக் கொடுத்தான்.

ஒருவழியாகப் பெல்லை வாசலில் மாட்டினேன். அதற்குள் ராகுகாலம் பிறந்துவிட்டது, நல்ல நேரத்தில் அமுக்கிப் பார்க்கலாம் என்று உன் அம்மா தடுத்துவிட்டாள். ராகுகாலம் பார்க்காமல் திருமங்கலத்திலிருந்து உன் மாமனாரும் மாமியாரும் வந்து அமுக்கியிருக்கிறார்கள். பெல் மூச்சு விடவில்லை. பெல் உள்ள வீட்டில் கதவைத் தட்டினால் மரியாதை இல்லை என்று வெயிலில் நின்று பார்த்துவிட்டு, முறுக்குத் தூக்கோடு திரும்பிப் போய்விட்டார்கள். நாங்கள் உள்ளே ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தோம். சாயங்காலம் பால்காரர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். மறுநாள் நான் திருமங்கலம் போய், லக் சரியாக நசுங்கவில்லை என்று விளக்கினேன். ஆமா சம்பந்தி, எங்களுக்குத்தான் லக் இல்ல, இனிமே அந்த வாசப்படி மிதிக்க மாட்டோம் என்றுவிட்டார். காபி மட்டும் கொடுத்தார்கள், சர்க்கரை கம்மி.

வந்து சொன்னதும் உன் அம்மா, இதப் பேரீச்சம்பழக்காரன்கிட்டப் போட்டுட்டு வாங்க, உங்களையும் சேத்து எடுத்துக்குவானான்னு கேளுங்க என்றாள். கழற்றிப் பார்த்தால், வயரின் பிளாஸ்டிக் தோலை உரிக்காமல் தோலோடு நசுக்கியிருக்கிறேன். செம்பு உள்ளே பத்திரமாகத் தூங்குகிறது. இந்தத் தடவை பல்லால் உரித்தேன். தோல் போனது, பல்லும் ஆடுகிறது. நசுக்கிவிட்டு, நீ எழுதியபடி இழுத்துப் பார்த்தேன், வரவில்லை. நீங்க இழுத்தா எப்படி வரும், தள்ளுங்க என்று உன் அம்மா இருக்கிற கோபத்தையெல்லாம் சேர்த்து ஒரு இழு இழுத்தாள். சுவரிலிருந்து ஆணியோடு பெல் கையில் வந்துவிட்டது, லக் வரவில்லை தாயி! உன் அப்பன் தேறிவிட்டான்.

பெல்லைத் திரும்ப மாட்டியாயிற்று. ஆனால் அமுக்க எனக்கே உரிமை இல்லை. சம்பந்திதான் முதலில் அமுக்கணும் என்று உன் அம்மா சுவிட்சைத் தேங்காய்ச் சிரட்டையால் மூடிக் கட்டிவிட்டாள். பால்காரர் தொண்டை கிழியக் கத்துகிறார். அதனால் கார்த்திகைக்கு நீயும் மாப்பிள்ளையும் வந்து, திருமங்கலம் போய் அவர்களைக் கையோடு கூட்டிக்கொண்டு வாருங்கள். நீ கூப்பிட்டால் மாட்டேன் என்று சொல்ல மாட்டார்கள். லக் மாதிரி இழுத்தாலும் வராமல் நீயும் அங்கேயே இருந்துவிடாதே. வரும்போது உன் குறடும் கூட வரட்டும், என்னுடையதை உன் அம்மா பாக்கு வெட்ட எடுத்துக்கொண்டாள்.

பதினாறும் பெற்று இருவரும் நன்றாயிருங்கள். அந்தக் குளிரில் ஸ்வெட்டர் போடாமல் பேக்டரிக்குப் போகாதே. உன் அம்மா இப்போது ரேடியோவைச் சத்தமில்லாமல்தான் வைக்கிறாள், பெல் அடித்தால் கேட்க வேண்டுமாம். மூடிக் கட்டின பெல் எப்படி அடிக்கும் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

இப்படிக்கு,
ஆடும் பல்லோடு உன் அப்பா
காசிமாயன்