கோபமாக ஒரு முகம்

வியாழன் இரவு.

ஒரு வாரமாகக் கண்ணாடியைப் பார்த்துப் பார்த்து, வாய் திறந்து கத்தும் என் கோப முகத்தை, மெழுகு பூசிய செப்புத் தகட்டில் ஊசியால் கீறினேன். இன்று அமிலத்தில் அரித்து, மை பூசி, தாளில் அச்செடுத்தேன். துறைமுக வேலை முடிந்து வந்த கணவர் அதைப் பார்த்தார்.

“என்ன, பல்லுக்குத்தோ?”

“கோவம்!” என்றேன்.

“இல்லையப்பா. கோவம் வந்தால் நீர் வாயே திறக்க மாட்டீர். எனக்கெல்லோ தெரியும்.”

எரிச்சலோடு கண்ணாடியிடம் போனேன். அவர் சொன்னது சரி. உதடுகள் இறுகி ஒட்டியிருந்தன. ஊசியை எடுப்பதற்குள் அந்த முகம் கலைந்துவிட்டது.

“இன்னொருக்கால் என்னைக் கோவப்படுத்துங்கோ.”

“ஏலாது. வாரும், சோறு ஆறுது.”

இப்போது அவர் நிம்மதியாகக் குறட்டை விடுகிறார். எனக்கு மறுபடி கோபம் வருகிறது. கண்ணாடியோ அவர் தூங்கும் அறையில் இருக்கிறது.