ஊட்டிவிட்ட கேபிள்

ப்ர்னோ, நவம்பர்

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி தேவலையா? நான் சுகம்.

போன வாரம், வேலையில் நாங்கள் செய்யும் சின்ன மின்னணு போர்டு, மின்சாரம் போனாலும் அழியாத தன் ஃபிளாஷ் நினைவகத்திலிருந்தே விழித்தெழ நிரல் எழுதினேன். விழித்ததும் நம் ஊர் வழக்கப்படி அலுவலகத்தில் எல்லோருக்கும் ராக்கியாச் சாராயம் ஊற்றினேன். கிளாஸ் வைக்க இடமில்லையென்று, கூட வேலை செய்யும் போஹ்தானா என் கணினியையும் போர்டையும் இணைத்த கேபிளைப் பிடுங்கினாள். பிறகு போர்டை அணைத்து மறுபடி இயக்கினால் உயிரே இல்லை. நிரல் ஃபிளாஷில் ஏறவேயில்லை. என் கணினிதான் அதைக் கேபிள் வழியாகக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறது.

"அடப்பாவி நெபோய்ஷா, இத்தனை நாளா நீதான் ஊட்டிவிட்டிருக்கே, அது தானா சாப்பிடவே இல்ல!" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்துவைத்தேன்.

இன்று கேபிள் இல்லாமலே எழுந்துவிட்டது. யாரையும் கூப்பிடவில்லை. மிச்ச ராக்கியா அப்படியே இருக்கிறது.

கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி அனுப்புங்கள். ஞாயிற்றுக்கிழமை போனில், பேச ஒன்றுமில்லை என்றாலும் உடனே வைத்துவிடாதீர்கள்.

டிராம் வந்துவிட்டது, நிறுத்துகிறேன்.

உங்கள்
நெபோய்ஷா