கள்ளன் நுழைந்த என் அறை

கீபோர்டில் செல்வி ஒட்டித் தந்த தமிழ் எழுத்துகளின் பசை வாசம் இன்னும் போகவில்லை. ஒற்றை விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தேடி உனக்கு எழுதுகிறேன். ஆமாம், நானேதான். நீ போன பிறகு நம் மகள் செல்வியிடம்தான் எழுத்துப் படித்தேன்.

கண்டி பஸ் நிலையத்தில் பலகைகளை எல்லாம் நீதான் எனக்கு வாசிப்பாய். “இது கம்பளை பஸ்தான், ஏறுங்க. கெலிஓயாவுல எறங்கிக்கலாம்.” பேராதனைப் பாலம் வந்ததும் பல்கலைக்கழகத்தைக் காட்டி, “நம்ம புள்ள இங்க படிக்கும் பாருங்க” என்பாய். அவள் பட்டம் வாங்கியதைப் பார்த்துவிட்டுத்தான் கண்ணை மூடினாய். இப்போது அதற்கும் மேலே படிக்கிறாள். கணினியை உள்ளேயிருந்து நடத்துகிற இயங்குதளம், அதன் பாதுகாப்பு, இதுதான் படிப்பு. “கம்ப்யூட்டருக்குள்ள ஆளுக்கொரு ரூம் கட்றேன்ப்பா. ஒரு ரூமுக்குள்ள திருடன் வந்தாலும் அடுத்த கதவு தொறக்கக் கூடாது” என்றாள்.

போன வாரம் அதை ஆசிரியர்கள் முன் செய்து காட்ட வேண்டியிருந்தது. தவறினால் அத்தனை நாள் உழைப்பும் வீண். புதிதாகப் பழகும் ஒருவர் வேண்டும் என்று என்னைக் கூட்டிப் போனாள். நான் எழுதிப் பழகும் கணக்குதான் அங்கே என் அறை.

வாய்விட்டுச் சொன்னால்தான் எனக்கு எழுத்து பிடிபடும். கடவுச்சொல்லைத் தட்டும்போதும் ஒவ்வோர் எழுத்தாக உரக்கச் சொல்லிவிட்டேன். அது உன் பெயர். எல்லோரும் சிரித்தார்கள். யாழ்ப்பாணத்துச் சார் ஒருவர், “எனக்கும் பாடமாப் போச்சு ஐயா. இனி நான்தான் கள்ளன்” என்று பக்கத்துக் கணினியில் அதையே தட்டி என் கணக்குக்குள் நுழைந்துவிட்டார்.

பிள்ளையின் படிப்பை என் வாயே கெடுத்துவிட்டதோ என்று பயந்தேன். செல்வி அசையவில்லை.

“உள்ள வந்துட்டீங்க சார். அடுத்த ரூமுக்குப் போங்க பாப்போம்.”

அவர் அப்படித் தட்டினார், இப்படித் தட்டினார். அவளுடைய கோப்பு ஒன்றும் திறக்கவில்லை. என் அறையிலேயே சுற்றினார். அங்கே இருந்தது இந்தக் கடிதத்தின் முதல் பத்தி மட்டும்தான். அதை வாசித்தவர் கீபோர்டிலிருந்து கையை எடுத்தார்.

“மன்னிக்கோணும் ஐயா. இது உங்கட அறை.” பிறகு அவளிடம், “உம்மட கதவு திறக்கேல்ல பிள்ளை. நல்ல வேலை” என்றார்.

அவள் தேறிவிட்டாள். சந்தோஷத்தில் எனக்கு மதியச் சோறு இறங்கவில்லை.

வீட்டுக்கு வரும் பஸ்ஸிலேயே, “மொதல்ல அந்தப் பாஸ்வேர்ட மாத்தணும்ப்பா” என்றாள். மாற்றிவிட்டோம். புதியதைத் தட்டும்போது உதட்டைக் கடித்துக்கொள்கிறேன். உன் பெயர் இப்போது எதற்கும் பூட்டு இல்லை. இதை எழுதும்போது உரக்கச் சொல்லித்தான் எழுதினேன். யார் கேட்டாலும் கேட்கட்டும்.