நடக்கட்டும்

சோபா மகாராஜாவுக்கு,

சமையலறையில் உருட்டிப் பார்க்க வேண்டாம், சாப்பாடு இல்லை. உங்கள் தங்கை வீட்டில் இருக்கிறது. ஸ்கூட்டர் சாவி என் பையில்.

மாரடைப்பு வந்து ஆறு வாரமாகிறது. "தினமும் அரை மணி நடக்கட்டும்" என்று டாக்டர் சீட்டில் எழுதினார். நீங்கள் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு, "நடக்கட்டும்னுதானே சொல்லியிருக்காரு, எல்லாம் நடந்துக்கிட்டுத்தானே இருக்கு" என்று தங்கையிடம் போனில் சிரித்தீர்கள். பெரிய அறிவாளி. அவள் சிரிக்கவில்லை. பிறகு என்னைப் போனில் கூப்பிட்டு, "அண்ணி, நான் சமைக்கிறேன்" என்றாள்.

போகக் கால் மணி, வரக் கால் மணி.

மெதுவாக வாருங்கள். நெஞ்சு இறுக்கினால் மருந்துக்கடை பெஞ்சில் உட்காருங்கள், கடைக்காரரிடம் சொல்லியிருக்கிறேன்.

இன்னொன்று. நீங்கள் வரும்வரை நானும் அங்கே சாப்பிடாமல்தான் இருப்பேன். எனக்குச் சர்க்கரை இருப்பது நினைவிருக்கட்டும்.